பார்வை போனாலும் கைமணம் போகாது



2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசி நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. காஸ் இல்லை. பூனாகலையில் எங்கள் வீட்டிலும் பழையபடி விறகடுப்பு மூட்டினோம். ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு வீடே இருண்டு கிடந்தது. வெளியே மலை மூடிய பனி. நான் மெழுகுதிரி தேடி மேசையில் முட்டிக்கொண்டு நிற்க, குசினியில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

"என்ன மகள் தேடுற? மெழுகுதிரி வலப்பக்க லாச்சிக்குள்ள கிடக்கு" என்றது ஒரு குரல்.

அது எங்கள் உம்மும்மா. சீனி வருத்தத்தால் இரண்டு கண்களும் பார்வை இழந்து அப்போது நாலு வருடம். கண்ணுள்ள நாங்கள் இருட்டில் தடுமாற, அவர் சம்பல் இடித்துச் சோறும் ஆக்கி முடித்துவிட்டார்.

ஆனால் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த நாலு வருடத்தில் முதல் இரண்டு வருடமும் அவரை அடுப்படிப் பக்கமே நாங்கள் விடவில்லை. "நீங்க சும்மா இருங்க உம்மும்மா, நாங்க பாத்துக்கொள்றோம்" என்போம். அன்பினால்தான் சொன்னோம். ஐம்பது வருடமாகக் குடும்பத்துக்கே ஆக்கிப் போட்ட கையிலிருந்து அகப்பையைப் பறித்தோம். அவருடைய பேச்சு குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. ஒரு நாள் நாங்கள் இல்லாத நேரம் தானே தேத்தண்ணி ஊற்றப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டார். குற்றம் அவர் கண்ணுடையதா? முறையைக் கண்டுபிடித்துக் கொடுக்காமல் "வேண்டாம்" என்று மட்டும் சொன்ன எங்களுடையதா? அன்றிலிருந்து அவரும் நாங்களும் சேர்ந்து படித்தவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முடியாத காரியமா?

அமெரிக்காவில் வாழும் வியட்நாமிய வம்சாவழிப் பெண்மணி கிறிஸ்டீன் ஹா. பதினாலு வயதில் தாயை இழந்தவர். தாயின் கைச்சாப்பாட்டு ருசியை நினைவில் வைத்தே பின்னாளில் சமையல் பழகினார். நரம்பு நோயொன்றால் பார்வை சிறுகச் சிறுகப் போனது. 2012இல் அந்நாட்டின் 'மாஸ்டர்செஃப்' தொலைக்காட்சிப் போட்டியில் கண் தெரிந்த அத்தனை பேரையும் வென்று முதலிடம் பெற்றார். பிறகு ஹூஸ்டன் நகரில் சொந்த உணவகமும் திறந்தார்.

நம் வரலாற்றிலும் பாருங்கள். பார்வையற்ற ஸஹாபி இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மதீனாவின் முஅத்தின்களில் ஒருவர். அவருடைய பாங்கு கேட்கும்வரை ஸஹர் உண்ணலாம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருந்தார்கள். ஓர் ஊரே சாப்பாட்டுக் கையை நிறுத்தியது பார்வையற்ற ஒருவரின் குரலைக் கேட்டு! அப்படிப்பட்டவர்களை ஒரு மூலையில் உட்கார வைப்பது நமக்கு அழகல்ல.

முதல் பாடம்: வைத்த இடம் மாறக்கூடாது

பார்வையற்றவரின் குசினி அவர் மனத்தில் இருக்கிறது. உப்பு எங்கே, கத்தி எங்கே, தாச்சி எங்கே என்பதெல்லாம் அங்கே பதிந்திருக்கும். நாம் ஒரு போத்தலை 'சும்மா' நகர்த்தி வைத்தால் அவர் கண்ணை இரண்டாம் முறை பறிப்பதற்குச் சமம். அலுமாரிக் கதவைப் பாதி திறந்தபடி விடாதீர்கள்; நெற்றியில் அடிக்கும். குசினிக்குள் போகும்போது "நான் வாறன்" என்று குரல் கொடுங்கள்.

ஒரே அளவான போத்தல்களில் எல்லாத் தூளையும் போடுவதுதான் பெரிய குழப்பம். உப்புப் போத்தலுக்கு ஒரு ரப்பர் வளையம், சீனிக்கு இரண்டு, மஞ்சளுக்கு மூன்று என்று மாட்டிவிடுங்கள். கொச்சிக்காய்த் தூளுக்குச் சதுர டின் ஒன்றை ஒதுக்குங்கள். அதை மூக்கில் பிடித்து அடையாளம் காண வேண்டிய தேவை வரக்கூடாது. கறுவா, ஏலம், கராம்பு, றம்பை போன்றவை தம்மைத் தாமே மணத்தால் சொல்லிக்கொள்ளும்.

அளவு விரலில் இருக்கிறது

சோற்றுக்குத் தண்ணீர் வைக்க நம் மூதாட்டிகள் எந்தக் கோப்பையைத் தேடினார்கள்? அரிசியின் மேல் விரல் நுனியை வைத்து, முதல் ரேகை வரை தண்ணீர் விட்டார்கள். பார்வையற்றவருக்கும் இதே அளவுதான். அடுப்புப் பற்றவைக்கு முன்பே அளந்துவிட வேண்டும். கல் அரிப்பதும் கையின் வேலைதான். அரிக்கஞ்சட்டியின் வரிகளில் கல் தங்கும். கஞ்சி வடிப்பதைத் தவிர்த்து, தண்ணீர் வற்றும்படி ஆக்குவது ஆபத்தில்லாதது.

உப்பையும் தூளையும் சட்டிக்கு மேலே பிடித்துக் கொட்டக்கூடாது. உள்ளங்கையிலோ கரண்டியிலோ எடுத்து, அளவைத் தொட்டுப் பார்த்த பிறகே போட வேண்டும். முட்டையைத் தனிக் கோப்பையில் உடைத்து, மணம் பார்த்து, ஓட்டுத் துண்டு கிடக்கிறதா என்று தடவிய பின் சேர்க்க வேண்டும்.

தேத்தண்ணிக்கு ஒரு வழி: எத்தனை கோப்பை வேண்டுமோ அத்தனை கோப்பை பச்சைத் தண்ணீரை அளந்து கேத்தலில் ஊற்றிக் கொதிக்க வையுங்கள். கோப்பையை விளிம்புள்ள தட்டில் வைத்து, கேத்தல் மூக்கைக் கோப்பை விளிம்பில் முட்டவைத்து மெதுவாக ஊற்ற வேண்டும். நிறைய நிறையச் சத்தத்தின் சுருதி ஏறும்; காது சொல்லும்போது நிறுத்த வேண்டும். சுடுதண்ணீரில் விரல் விட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

கத்தியும் நெருப்பும்

வெங்காயத்தை முதலில் இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கத்தைப் பலகையில் கவிழ்த்தால் உருளாது. பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கி, கத்தியின் பக்கம் விரல் முட்டியில் உரசும்படி வெட்ட வேண்டும். வெட்டி முடிந்ததும் கத்தி எப்போதும் ஒரே இடத்தில், கூர் சுவர்ப் பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். அதைக் கழுவும் தொட்டிக்குள் போட்டு வைக்கும் பழக்கம் நமக்கும் வேண்டாம்.

சட்டியை அடுப்பின் நடுவில் வைத்துத் தொட்டுப் பார்த்த பிறகே அடுப்பை மூட்ட வேண்டும். மூட்டிய பின் சட்டியைத் தேடுவது கையால் அல்ல; நீண்ட அகப்பையால். கைபிடி நெருப்புக்கு மேலேயோ, அடுப்புத் திண்டுக்கு வெளியேயோ நீட்டி நிற்கக்கூடாது. முக்காட்டு நுனியையும் முந்தானையையும் ஊசி குத்தி ஒதுக்குங்கள். அடுப்படியில் நைலோன் துணி வேண்டாம், பருத்திதான் நல்லது. 2021 கடைசியில் நாட்டின் பல வீடுகளில் காஸ் வெடித்ததை மறக்க முடியாது. காஸ் மணந்தால் தீக்குச்சியும் வேண்டாம், சுவிட்சும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு யன்னலைத் திறந்து வெளியே வந்துவிட வேண்டும். கை சுட்டால் ஓடும் பச்சைத் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை பூசாதீர்கள்.

காதும் மூக்கும் காணும்

எண்ணெய் காய்ந்ததா? ஒரு கறிவேப்பிலையைப் போட்டால் 'சடசட' என்று சொல்லும். கடுகு வெடித்து ஓயும் நேரம் வெங்காயம் போடும் நேரம். வெங்காயத்தின் பச்சை மணம் மாறி இனிப்பு மணம் வந்தால் பதம். தேங்காய்ப்பால் ஆணம் தடிக்கும்போது அகப்பை கனக்கும். அடியில் 'சரசர' என்று உரசினால் பிடிக்கத் தொடங்கிவிட்டது. ரொட்டி வெந்தால் கல்லை விட்டு இலேசாக நகரும். திருப்பும்போது கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துத் திருப்பலாம்.

மலைநாட்டுச் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும். ஆகவே கொழும்பில் பருப்பு வேகும் நேரம் இங்கே போதாது. நேரம் கணக்கிட்டுச் சமைப்பவர் தன் குசினியிலேயே கணக்கைப் பழக வேண்டும். நேரம் சொல்லும், எழுத்தை வாசிக்கும் கைத்தொலைபேசிகள் இன்று இருக்கின்றன. பிள்ளைகள் அந்த வசதியைத் திறந்து கொடுக்கலாம்.

சாப்பிடும்போது

தட்டை மணிக்கூடு என்று வைத்துக்கொள்ளுங்கள். "12 மணியில் சோறு, 3இல் பருப்பு, 6இல் மீன், 9இல் சம்பல்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சஹனில் அமரும்போதும் அப்படியே. பார்வையற்றவர் பிறரோடு அமர்ந்து உண்பதில் குற்றமில்லை என்று அந்நூர் அத்தியாயத்தின் 61ஆம் வசனம் தெளிவாகச் சொல்கிறது. அவருக்குத் தனித் தட்டு, தனி மூலை எதற்கு?

கண்ணையும் காப்போம்

கண்ணில் படரும் வெண்புரையைச் சத்திரசிகிச்சையால் நீக்கலாம். "வயசுக் கோளாறு" என்று விட்டுவிடாதீர்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் வருடம் ஒரு முறையாவது கண்ணின் உள்விழித்திரையைச் சோதிக்க வேண்டும். எங்கள் உம்மும்மா அதைச் செய்யவில்லை. விறகுப் புகைக்கும் வெண்புரைக்கும் தொடர்புண்டு என்கிறார்கள் மருத்துவர்கள். புகை போக வழியில்லாத லயத்துக் குசினிகளில் ஒரு யன்னலாவது திறந்திருக்கட்டும்.

இன்னொன்று. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மலை சரிந்ததையும், 2023 மார்ச்சில் பூனாகலையிலேயே மண் சரிந்ததையும் கண்டவர்கள் நாம். வீட்டை விட்டு ஓட நேர்ந்தால் பார்வையற்றவர் தன் மனத்திலிருக்கும் குசினியையும் இழக்கிறார். போய்ச் சேர்ந்த இடத்தில் அவர் கையைப் பிடித்து, இதோ கதவு, இதோ தண்ணீர், இதோ அடுப்பு என்று தொட்டுக் காட்ட ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

உம்மும்மா இன்றும் காலையில் எல்லோருக்கும் முந்தி எழும்புகிறார். "ரொட்டிக்கு மா குழைச்சிட்டன், சம்பல மட்டும் யாராவது இடிங்க" என்கிறார். முன்பு நாங்கள் அவரைச் சும்மா இருக்கச் சொன்னோம். இப்போது எங்களை அவர் சும்மா இருக்க விடுவதில்லை, அல்ஹம்துலில்லாஹ்!