நீர் போகும் வழி – 7: அடையாற்றின் தலைமாட்டில்

அடையாறு மலையில் பிறக்கும் ஆறு அல்ல. ஏரிகள் நிரம்பி, கலிங்கு வழியாக வழிந்து, ஓடைகளாக இறங்கி ஒன்றுசேரும்போதுதான் அது ஆறாகிறது. படப்பை, மணிமங்கலம், ஒரத்தூர், ஆதனூர் என்று தாம்பரத்துக்கு மேற்கிலும் தென்மேற்கிலும் கிடக்கும் ஊர்களின் ஏரிகளே அதன் தலைமாடு. அங்கிருந்து முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமாக வந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீரையும் சேர்த்துக்கொண்டு, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் தாண்டிக் கடலைத் தொடுகிறது. மொத்தம் சுமார் 42 கிலோமீட்டர்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடப்பவர் கண்ணில் இது எதுவும் படாது. ஒரகடம் கார் தொழிற்சாலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், மனைப்பிரிவு விளம்பரப் பலகைகள், இவைதான் தெரியும். மழை வலுத்தால்தான் இந்த ஊருக்கும் கோட்டூர்புரத்துக்கும் உள்ள உறவு வெளியே வருகிறது.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவானது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அதைப் பற்றி மாநிலமே பேசியது; பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளம் மூழ்கி மொட்டைமாடியில் படகுக்குக் காத்திருந்தவர்களைச் சூழ்ந்தது செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் அல்ல. அந்தத் தண்ணீர் ஆற்றில் சேரும் இடம் இவர்களுக்குக் கீழே இருக்கிறது. இவர்களைச் சூழ்ந்தது தலைமாட்டு ஏரிகளின் தண்ணீர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே தெருக்களில் தண்ணீர் நின்றது.

உலக அமைப்புகள் தண்ணீரைப் பற்றி நமக்கு என்ன கற்றுத் தருகின்றன, நாம் அவர்களுக்கு எதைக் கற்றுத் தர முடியும் என்று இந்தத் தொடரில் பார்த்து வருகிறோம். சென்ற வாரம் பள்ளிக்கரணைக்குப் போனோம். 2022-ல் அங்கே 1,247 ஹெக்டேர் சதுப்பு நிலம் ராம்சார் பட்டியலில் ஏறியது. சதுப்பு நிலங்களுக்காகப் பல ஆண்டுகள் உழைத்த கேர் எர்த் அறக்கட்டளையின் ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025-ல் ராம்சார் விருது கிடைத்தது. பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று உள்ளூர்ப் போராட்டத்துக்குக் கைகொடுத்த நல்ல கதை அது. இந்த வாரம், அப்படிப் பட்டியல் எதிலும் ஏறாத படப்பைப் பக்கத்து ஏரிகள்.

நெதர்லாந்து அரசு 2018-ல் ‘வாட்டர் ஆஸ் லெவரேஜ்’ என்ற திட்டத்தை ஆசியாவின் மூன்று நகரங்களில் தொடங்கியது. வங்கதேசத்தின் குல்னா, இந்தோனேசியாவின் செமராங், நமது சென்னை. அந்நாட்டின் சர்வதேச நீர்த் தூதராக இருந்த ஹென்க் ஓவிங்க் இதை முன்னின்று நடத்தினார். சென்னைக்காக இரண்டு குழுக்கள் வேலை செய்தன. ரோட்டர்டாமைச் சேர்ந்த ‘ஊஸ்’ கட்டட வடிவமைப்பாளர்கள் தலைமையில், கேர் எர்த், மெட்ராஸ் டெரஸ், ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்றோர் சேர்ந்த குழு தன் திட்டத்துக்கு ‘ஆயிரம் ஏரிகளின் நகரம்’ என்று பெயர் வைத்தது. கடல் மட்டத்துக்குக் கீழே வாழும் நாட்டுக்காரர்கள் இங்கே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த ஊரின் தீர்வு ஏரியில்தான் இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அந்தக் குழு செய்த பெரிய உதவி, வெள்ளம், வறட்சி, கழிவுநீர் மூன்றையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்தது. நம்மிடம் மூன்றும் மூன்று அலுவலகங்களின் மேசைகளில் கிடக்கின்றன. 2015-ல் மூழ்கிய அதே நகரத்துக்கு 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில், நடைக்கு 25 லட்சம் லிட்டர் குடிநீர் வந்தது. இரண்டும் ஒரே நோய் என்று உரக்கச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. பார்வையற்ற, செவித்திறன் குறைந்த பிள்ளைகள் படிக்கும் லிட்டில் ஃப்ளவர் கான்வென்ட் பள்ளி வளாகத்தில் ஒரு முன்னோடி வேலையும் நடந்தது. பள்ளியின் கழிவுநீரைச் செடிகளும் சரளையும் கொண்ட படுகையில் சுத்தம் செய்து, மழைநீரோடு நிலத்துக்குள் அனுப்பும் ஏற்பாடு. நல்ல வேலை. ஆனால் நகரத்தின் நடுவிலேயே நின்றுவிட்டது. அடையாற்றின் தலைமாடு வரை அது வரவில்லை.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் ‘நூறு மீள்திறன் நகரங்கள்’ திட்டத்திலும் சென்னை இருந்தது. சென்னைக்கான வியூக அறிக்கை 2019-ல் வெளியானது; அதே ஆண்டு ஜூலை முடிவில் அந்தத் திட்டமே முடித்துக்கொள்ளப்பட்டது. இத்தகைய அமைப்புகளோடு உறவு வைக்கும்போது நாம் மறக்கக்கூடாத விஷயம் இது. அவர்களின் ஆயுள் சில ஆண்டுகள். ஏரியின் ஆயுள் ஆயிரம் ஆண்டு. அவர்கள் போன பிறகு அறிவு எந்தக் கையில் மிஞ்சும் என்பதை முதல் கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

டச்சுக்காரர்களிடம் கற்க வேண்டியது, என் பார்வையில், மதில் கட்டும் வித்தை அல்ல. 1995-ல் அவர்களின் ஆறுகள் பெருகியபோது சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. கரையை இன்னும் உயர்த்துவதோடு நிற்கக்கூடாது என்று முடிவுசெய்து, ‘ஆற்றுக்கு இடம்’ என்ற திட்டத்தை முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் நிறைவேற்றினார்கள். நைமேகன் நகரத்தில் கரையையே 350 மீட்டர் பின்னுக்கு நகர்த்தினார்கள். ஓவர்டீப்ஸ் என்ற தாழ்நிலத்தில், வெள்ளம் வந்தால் வயல் மூழ்கட்டும், வீடும் தொழுவமும் உயரமான மண்மேட்டில் நிற்கட்டும் என்ற யோசனையை முன்வைத்தவர்கள் அங்கிருந்த விவசாயிகளே. எல்லோராலும் அங்கே தங்க முடியவில்லை. சிலர் வேறிடம் போனார்கள். ஆனால் பேச்சுவார்த்தையில் அவர்கள் முதல் நாளிலிருந்தே இருந்தார்கள்.

இதற்கெல்லாம் அடித்தளமாக இருப்பவை அந்நாட்டின் நீர் வாரியங்கள். 13-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்பவை. நகராட்சி எல்லையைப் பார்க்காமல் நீரின் எல்லையைப் பார்த்து அமைந்தவை. தனியாகத் தேர்தல் உண்டு, தனியாக வரி வசூலிக்கும் அதிகாரம் உண்டு.

படப்பை இருக்கும் அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் அங்கே வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றில் ஒன்று ஏரி வாரியம். அந்த ஊர்ச் சபையில் நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. அதை அப்படியே மீட்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் ஏரிக்கென்று ஊரில் ஒரு பொறுப்பான அமைப்பு, அதற்குக் காலவரையறை, கணக்குக் கேட்கும் முறை, இவை இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. ரோட்டர்டாமுக்கும் உத்திரமேரூருக்கும் இடையே நடக்க வேண்டிய உரையாடல் இதுதான். அது இன்னும் சரியாக நடக்கவில்லை.

நடப்பது பெரும்பாலும் கடன் உரையாடல். 1984-ல் தொடங்கி, அன்றைய ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு தமிழகத்தில் ஏரிகள் நவீனமாக்கப்பட்டன. 2007-ல் உலக வங்கியின் ஐயாம்வார்ம் திட்டம். 2017-ல் அதன் தொடர்ச்சியாக 31.8 கோடி டாலர் கடனில், சுமார் 4,800 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம். இவை பாசனத் திட்டங்கள்; இவற்றின் நியாயம் ஆயக்கட்டில் இருக்கிறது. எத்தனை ஏக்கர் நனையும் என்பதே கேள்வி. இன்னொரு பக்கம், சென்னையின் மழைநீர் வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கியும் ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கியும் கடன் தருகின்றன. கொசஸ்தலையாறு வடிநிலத்துக்கு மட்டும் ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் தந்தது. இவை நகரத் திட்டங்கள். இவற்றின் நியாயம் மாநகராட்சி வார்டில் இருக்கிறது.

படப்பை போன்ற ஊர் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வயல் மனையாகிவிட்டதால் ஆயக்கட்டுக் கணக்கில் அதன் எடை குறைகிறது. 2021-ல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு வெளியே இருப்பதால் வார்டுக் கணக்கிலும் வராது. ஏரி மட்டும் இருக்கிறது; அதன் தண்ணீர் வழக்கம்போலக் கீழே இறங்குகிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரு மாவட்டங்களிலும் சேர்த்துப் பொதுப்பணித்துறைக் கணக்கில் 909 ஏரிகள். ஊராட்சிகளின் சிற்றேரிகளும் தாங்கல்களும் இதற்கு மேல். அவற்றுள் நகரத்தின் விளிம்பில் இருப்பவை எல்லாமே மெல்ல மெல்ல இந்த இடைவெளிக்குள் விழுந்துகொண்டிருக்கின்றன.

இலங்கையில் இதே போன்ற ஏரிச் சங்கிலிக்கு நேர்ந்தது வேறு. உலர் வலயத்தின் தொடர் குளங்களை ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு உலக வேளாண் மரபுச் சொத்தாக அறிவித்தது. 2016-ல் பசுமைக் காலநிலை நிதியம், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக, 3.8 கோடி டாலரை மானியமாக ஒதுக்கியது. அந்தப் பணிக்கு அடிப்படையாக இருந்தது சிங்கள விவசாயிகளின் பழைய அறிவு. குளத்துக்கு மேலே வண்டலைத் தடுத்து நிறுத்தும் சிறு குட்டை, அதை அடுத்து நீரை வடிகட்டும் புல்வெளி, குளத்தின் தலைப்பக்கம் காற்றையும் ஆவியாதலையும் குறைக்கும் மரவரிசை, கரைக்குக் கீழே உப்பை உறிஞ்சும் புதர்க்காடு. தூர் வாருவது மட்டுமே சீரமைப்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அவர்கள் குளத்தைச் சுற்றியுள்ள நிலத்தையும் குளம் என்றே கருதியிருக்கிறார்கள். ஒரு குளத்தைத் தொட்டால் முழுச் சங்கிலியையும் தொட வேண்டும் என்பதும் அங்கே திட்ட விதி. படப்பைக்கு வேண்டிய பாடம் பாக் நீரிணைக்கு அப்பால், நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

தாம்பரத்துக்குக் கிழக்கே செம்பாக்கம் ஏரியில் அப்படி ஒரு முயற்சியைப் பார்க்க முடியும். அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட ‘தி நேச்சர் கன்சர்வன்சி’, கேர் எர்த், ஐ.ஐ.டி. மெட்ராஸ் மூவரும் சேர்ந்து, கழிவுநீர் கலந்து கிடந்த சுமார் 100 ஏக்கர் ஏரியைச் சீரமைக்க இறங்கினார்கள். செம்பாக்கத்திலிருந்து வழியும் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைக்குப் போகிறது. அந்தச் சங்கிலியை மனதில் வைத்துத்தான் ஏரியைத் தேர்ந்தெடுத்தார்கள். இதே கண்ணோட்டத்தோடு மேற்கே, மணிமங்கலம் பக்கம் வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அரசும் சும்மா இல்லை. ஒரத்தூர், ஆரம்பாக்கம் ஏரிகளை இணைத்து நீர்த்தேக்கம் அமைக்கும் பணியை நீர்வளத்துறை எடுத்தது. வரதராஜபுரம் பகுதியில் மூடு கால்வாய்கள் வந்தன. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கும் அரசாணை 2022-ல் வந்தது. அடையாற்றின் தலையும் காலும் ஒரே திட்ட எல்லைக்குள் வர இது வழி திறக்கிறது. அந்த வரைபடத்தில் முதலில் ஏற வேண்டியவை சாலைகள் அல்ல. வரத்துக் கால்வாய்களும் கலிங்குகளிலிருந்து இறங்கும் ஓடைகளும் சர்வே எண்ணோடு ஏற வேண்டும். மனைப்பிரிவு அனுமதி அதற்குப் பிறகுதான்.

வெளிநாட்டு வல்லுநர் குழு அடுத்த முறை வரும்போது நட்சத்திர ஓட்டல் கூட்டத்தை ஒரு நாள் குறைத்துக்கொண்டு படப்பைப் பக்கம் வரட்டும். இந்தப் பக்கத்து ஊர்களில் மதகு திறந்து, தண்ணீர் பங்கிட்டு வாழ்ந்த நீர்க்கட்டிகளின் குடும்பங்களைத் தேடட்டும். எந்த ஏரி முதலில் நிரம்பும், எந்தக் கலிங்கு முதலில் ஓடும், எந்த ஓடை எந்த வளைவில் கரையைத் தாண்டும் என்று கணினி மாதிரிகள் ஊகிப்பதை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். பாசனம் குறையக் குறைய அந்த வேலையும் போய்விட்டது. வேலையோடு சேர்ந்து அறிவும் போகிறது. அதைப் பதிவு செய்ய ஒரு வடிகால் ஒப்பந்தத்தின் மிகச் சிறிய பகுதி போதும். ஒவ்வொரு கலிங்கிலும் ஓர் அளவுகோல், அதைப் பார்த்துச் சொல்லச் சம்பளத்துக்கு ஓர் ஆள், மணிமங்கலத்தில் கலிங்கு ஓடத் தொடங்கிய எத்தனையாவது மணியில் வரதராஜபுரத்தில் தண்ணீர் ஏறும் என்று தமிழில் எழுதிய ஓர் அட்டவணை. கடன் ஒப்பந்தத்தில் இதைத் தனி இனமாகச் சேர்க்கும்படி நீர்வளத்துறை கேட்க வேண்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கேட்க வேண்டும்.

(தொடரும்)