முன்னால் விளைந்தது என்ன?

மக்காச்சோளத்துக்கு ஏக்கருக்கு எத்தனை மூட்டை உரம் என்று கேட்டால் உரக்கடையில் பதில் தயாராக இருக்கும். பெரம்பலூர் கரிசல்காரர் கேட்டாலும் ஒட்டன்சத்திரத்துச் செம்மண்காரர் கேட்டாலும் அந்தப் பதில் பெரிதாக மாறாது. ‘உங்களுக்கு எந்த மண்? போன பட்டத்தில் என்ன போட்டிருந்தீங்க?’ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் சொல்லப்படும் எந்த உரக் கணக்கும் பாதிக் கணக்குத்தான்.

பொதுக் கணக்கு ஒன்று இருக்கிறது. இறவையில் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து, 75 கிலோ மணிச்சத்து, 75 கிலோ சாம்பல் சத்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஏக்கருக்கு 100, 30, 30. மூட்டையாகச் சொன்னால் டி.ஏ.பி. 65 கிலோ, பொட்டாஷ் ஒரு மூட்டை, யூரியா நாலு மூட்டைக்குச் சற்று மேல். மண் பரிசோதனை செய்யாதவர்களுக்காகச் சொல்லப்பட்ட அளவு இது. பரிசோதனை செய்தவர் இதிலிருந்து கூட்டவோ குறைக்கவோ வேண்டும். நடைமுறையில் கூட்டுவது மட்டும்தான் நடக்கிறது, அதுவும் யூரியாவில். 45 கிலோ யூரியா மூட்டை சுமார் 270 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, 1,350 ரூபாய் டி.ஏ.பி.யைவிட அதன் பக்கம் கை போவது இயல்பு. விவசாயியைக் குறை சொல்ல இதில் ஒன்றும் இல்லை. ஆனால் பயிர் விலை பார்த்துச் சாப்பிடுவதில்லை.

முதலில் மண். கரிசல், சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் களிமண். சாம்பல் சத்து பெரும்பாலும் அதிலேயே தாராளமாக இருக்கும். சிக்கல் வேறு இடத்தில். சுண்ணாம்பு கலந்த காரத் தன்மையுள்ள கரிசலில் யூரியாவை மேலாகத் தூவிவிட்டு வந்தால், கணிசமான பங்கு அம்மோனியா வாயுவாகிக் காற்றில் போய்விடும். தூவியதும் மண் அணைக்க வேண்டும், அல்லது தண்ணீர் கட்ட வேண்டும். மணிச்சத்தோ சுண்ணாம்போடு சேர்ந்து இறுகிவிடும். அதனால் வயல் முழுக்க இறைக்காமல், விதை வரிசையை ஒட்டிச் சற்று ஆழத்தில் வைப்பதே பயன் தரும். துத்தநாகமும் அங்கே வேருக்கு எளிதில் கிடைக்காது. இளம் இலைகளில் நடுநரம்பின் இருபுறமும் வெளிர்ப் பட்டை ஓடி, குருத்தே வெளுத்துத் தெரிந்தால் அது துத்தநாகக் குறை. பலர் அதைத் தழைச்சத்துக் குறை என்று நினைத்து இன்னொரு மூட்டை யூரியா வீசுகிறார்கள். தழைச்சத்துக் குறை அடியிலைகளில் தொடங்கும். இலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சள் உள்ளே இறங்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே ஒரு மூட்டைக் காசு மிச்சம். துத்தநாக சல்பேட்டை டி.ஏ.பி.யோடு கலந்து போடவும் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று கட்டிப்போட்டுவிடும். மணலில் கலந்து தனியாகத் தூவ வேண்டும்.

செம்மண்ணின் கதை நேர் எதிர். தண்ணீர் சரசரவென்று இறங்கும், கூடவே நைட்ரேட்டாக மாறிய தழைச்சத்தும் வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். அடியுரமாகக் கால் பங்கு, 25-ஆம் நாள் அரைப் பங்கு, 45-ஆம் நாள் கால் பங்கு என்று தழைச்சத்தைப் பிரிக்கச் சொல்வது எல்லா மண்ணுக்கும் நல்லது. மணற்பாங்கான செம்மண்ணில் அந்த அரைப் பங்கையும் இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது புத்திசாலித்தனம். பயிர் முழங்கால் உயரம் தாண்டியதிலிருந்து கொண்டை வரும் வரைதான் அதன் பெரும்பசி. அதற்கு முன்னாலேயே கொட்டிவிட்டால் சாப்பிட ஆள் இல்லை.

செம்மண்ணில் பொட்டாஷைக் கைவிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மக்காச்சோளம் எடுக்கும் சாம்பல் சத்தில் முக்கால் பங்கு கதிரில் இல்லை, தட்டையில் இருக்கிறது. அமெரிக்காவில் தட்டை வயலிலேயே மடிகிறது. நம் ஊரில் மாட்டுக்குப் போகிறது. மாட்டுக்குப் போவதில் தவறில்லை, சாணம் அதே வயலுக்குத் திரும்பி வரும் வரை. தட்டையை விற்றுவிடுகிறவர் ஒவ்வொரு பட்டத்திலும் தம் பொட்டாஷையும் சேர்த்தே விற்கிறார்.

அடுத்தது முன் பயிர். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் 1876 முதல் ‘மாரோ பிளாட்ஸ்’ என்ற சோதனை வயல் இருக்கிறது. ஒரு துண்டில் ஆண்டுதோறும் மக்காச்சோளமே, பக்கத்துத் துண்டுகளில் பயிர் சுழற்சி. மக்காச்சோளத்தையே திரும்பத் திரும்பப் போட்ட துண்டு சுழற்சித் துண்டுகளுக்குப் பின்தங்கியது. அருகில் நூலகம் கட்ட வேண்டி வந்தபோது, வயலில் நிழல் விழக்கூடாதென்று அதைப் பூமிக்கடியில் கட்டினார்கள்.

அமெரிக்காவில் சோயாவுக்குப் பின் வரும் மக்காச்சோளத்துக்கு, மக்காச்சோளத்துக்குப் பின் வருவதைவிட ஏக்கருக்கு ஏறக்குறைய 20 கிலோ தழைச்சத்துக் குறைவாகவே பரிந்துரைத்து வந்திருக்கிறார்கள். வேர் முடிச்சு மட்டும் இதற்குக் காரணமல்ல. மக்காச்சோளத் தாளில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து கொஞ்சம். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான தழைச்சத்தை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் முளைக்கும் பயிர் மஞ்சளடிக்கிறது. பயறுச் செடியின் கழிவு அப்படியில்லை, சீக்கிரம் மக்கிச் சத்தை வெளியே விடும்.

உளுந்து, பாசிப்பயறு, கடலைக்குப் பின் மக்காச்சோளம் போடுபவர் ஏக்கருக்கு 8 முதல் 16 கிலோ வரை தழைச்சத்தைக் குறைக்கலாம். அதாவது அரை மூட்டைக்குச் சற்றுக் குறைவிலிருந்து முக்கால் மூட்டை வரை யூரியா. கொடியைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டிருந்தால் இந்தச் சலுகை சுருங்கும். சின்ன வெங்காயத்துக்கு அள்ளி உரம் போட்ட வயலில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மிச்சம் கிடக்க வாய்ப்பு உண்டு. பரிசோதித்துவிட்டு டி.ஏ.பி.யில் கை வைக்கலாம். நெல் அறுத்த வயல் வேறு மாதிரி. தண்ணீர் நின்ற மண் காயும்போது மணிச்சத்து இறுகும், வேருக்கு மணிச்சத்து ஊட்டும் பூஞ்சையும் குறைந்திருக்கும். இளம்பயிர் ஊதா நிறம் காட்டுவது அதனால்தான். அங்கே மணிச்சத்தைக் குறைக்கவே கூடாது.

மாரோ பிளாட்ஸ் போலவே கோவையிலும் 1972 முதல் கேழ்வரகு-மக்காச்சோளச் சுழற்சியில் நீண்டகால உரச் சோதனை நடக்கிறது. வெறும் தழைச்சத்து பெற்ற துண்டுகள் தேய்ந்தன. மூன்று சத்துகளோடு தொழு உரமும் பெற்ற துண்டுகளே மகசூலில் முன்னே நிற்கின்றன.

கோழித் தீவனத்துக்கு இருக்கும் கிராக்கியால் மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளம் என்று போய்க்கொண்டிருக்கும் ஊர்கள் பல. அதை விடச் சொல்வது எளிது, கையில் வரும் காசை யாரும் விடமாட்டார்கள். நடுவில் ஒரே ஒரு குறுகிய பட்டம் உளுந்து, இல்லையென்றால் ஆட்டுக்கிடை. அதற்கும் வழியில்லை என்றால் தட்டையைச் சீக்கிரமே மடக்கி உழுது, விதைப்புக்கு முன் மக்க நேரம் கொடுக்கலாம்.

மண் மாதிரி எடுக்க ஏற்ற நேரம் அறுவடை முடிந்த கையோடு, எரு கொட்டுவதற்கு முன். வரப்போரம், எருக்குழி, மரநிழல் தவிர்த்துப் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம் வரை சுரண்டியெடுத்துக் கலந்து, அரை கிலோ கொடுத்தால் போதும். செம்மண்ணும் கரிசலும் ஒரே சர்வே எண்ணில் இருந்தால் இரண்டு மாதிரி. கூடவே கொடுக்கும் தாளில் முன் பயிர் என்ன, அதற்கு என்ன உரம் போட்டீர்கள், தட்டை எங்கே போனது என்பதையும் எழுதிக் கொடுங்கள்.