நரம்பு அல்ல, நாளம்

அப்புத்தளையில் நான் சந்திக்கும் கொழுந்தெடுக்கும் அக்காமார் கெண்டைக்காலில் நெளிந்து புடைத்திருப்பதைக் காட்டி, "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்பார்கள். அது நரம்பல்ல, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம். காலின் பெரிய நரம்பு முழங்காலின் பின்குழி வழியாக இறங்கிச் சதைக்குள் ஆழத்தில் ஓடுகிறது.

நாளத்தினுள் மேல்நோக்கி மட்டும் திறக்கும் வால்வுகள் உண்டு. நடக்கையில் கெண்டைச்சதை பிழிந்து இரத்தத்தை மேலேற்றும். நின்றபடியே நின்றால் தேங்கும். வால்வு பழுதானால் நாளம் புடைக்கும். கர்ப்பத்தில் இது இன்னும் கூடும். லயத்துக்கு வந்ததும் கால்களை உயர்த்தி வையுங்கள்.

ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி வலித்தால் எண்ணெய் போட்டு உருவவே கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அது நுரையீரலுக்குப் போனால் உயிராபத்து. கர்ப்பிணிகளும், பிள்ளை பெற்று 6 வாரம் ஆகாதவர்களும் மிகக் கவனம். அன்றைய பேர் போனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கங்காணிக்குப் பதில் அப்புறம் சொல்லலாம்.