தட்டில் ஏறாத குரல்

ராக் இசை ரசிகர் ஒருவரிடம் 'இந்த ஆண்டு உங்களுக்குப் பிடித்த ஆல்பம் எது?' என்று கேட்டால் உடனே பட்டியலை நீட்டிவிடுவார். நூறாண்டுக்கு முன் பட்டுத்தறிகள் நிறைந்த காஞ்சிபுரத்தில் ஒரு கர்நாடக இசை ரசிகரைக் கேட்டிருந்தால்? கிராமபோன் இருந்த வீடுகளில் பாடகி தனகோடி அம்மாளின் இசைத்தட்டு வந்துவிட்டது. ஆனால் ஊரே கொண்டாடிய பாடகரான அவருடைய சகோதரி மகன் நயினாப் பிள்ளையின் குரல் எந்தத் தட்டிலும் இல்லை!

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டுதான் அன்றைய இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடம் கிடைத்தாலே பெரிது. சின்ன உருப்படியானாலும் சுருக்கித்தான் பாடியாக வேண்டும். நயினாப் பிள்ளை கச்சேரியோ மணிக்கணக்கில் நீளும். மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், வாயால் தாளச் சொற்கள் சொல்லும் கொன்னக்கோல் என்று பக்கவாத்தியப் பட்டாளமே மேடையேறும். இதை 'ஃபுல் பெஞ்ச்' என்பார்கள். ஒரே வரி தாளக் கணக்கு வழக்கோடு விரியும் அவருடைய பல்லவியை அந்தத் தட்டில் அடைக்க முடியுமா, என்ன? ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பாடும் எல்.பி. இசைத்தட்டு அமெரிக்காவில் அறிமுகமானது 1948-இல். நயினாப் பிள்ளை 1934-லேயே காலமாகிவிட்டார்.

அவர் பாட்டைக் காஞ்சியில் கேட்டு வளர்ந்த சிறுமிதான், 1919-இல் பிறந்த டி.கே. பட்டம்மாள். பெண்கள் பல்லவி பாடுவது அரிதாக இருந்த காலத்தில் மேடையில் துணிந்து பல்லவி பாடியவர். தட்டுகளும் நிறையக் கொடுத்தார். நயினாப் பிள்ளையின் பாணியை ஓரளவு ஊகிக்க விரும்புகிறவர்கள், பட்டம்மாளின் பல்லவியிலிருந்து தொடங்கலாம்.