வாங்காத மவுஸ் வீட்டுக்குள் வந்தால்...

கம்ப்யூட்டர் வாங்கினால் கூடவே ஒரு மவுஸ் வரும். 1960-களில் அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பர்ட் குழுவினர் உருவாக்கிய அந்தச் சிறு கருவிக்கு, ஒயர் வால் போல நீண்டிருந்ததால் எலி என்றே பெயர் வைத்து விட்டார்கள். அது பிளாஸ்டிக் எலி. நாம் சொன்னபடி கேட்கும். இந்தக் கட்டுரை, நாம் காசு கொடுத்து வாங்காமலே வந்து சேரும் நிஜ எலியைப் பற்றியது.

நான் ஓசூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து வருகிறேன். பாகலூர், சூளகிரி, தேன்கனிக்கோட்டை, கிருஷ்ணகிரி வரை வீடுகளுக்குப் போய் வருபவன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஆன்ட்டி வைரஸ் போடலாம்?" என்பதுதான். நல்ல கேள்வி. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராம வீடுகளில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "எலி வர வழி இருக்கிறதா?" வைரஸ் வந்தால் ஃபார்மட் செய்து விடலாம். எலி கடித்த ஒயரில் கை வைத்தால் உயிரே போகலாம்.

ஏன் இந்தப் பக்கம் அதிகம்?

ஓசூர் ஒரு விசித்திரமான ஊர். ஒரு பக்கம் சிப்காட் தொழிற்சாலைகள். மறு பக்கம் ராகி வயல், காய்கறித் தோட்டம், ரோஜாப் பண்ணை. கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவரின் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமே வயல் இருக்கும். வயலில் விளைச்சல் இருக்கும் வரை எலிக்கு அங்கேயே சாப்பாடு. கார்த்திகை, மார்கழியில் ராகி அறுவடை முடிந்ததும் அதற்கு அங்கே வேலை இல்லை. அதே நேரம் இங்கே குளிரும் தொடங்கி விடும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி இரவில் மனிதனுக்கே கம்பளி வேண்டும். எலிக்கும் கதகதப்பான இடம் வேண்டும்.

உங்கள் வீட்டில் இருபத்து நான்கு மணி நேரமும் சூடாக இருக்கும் பொருள்கள் எவை? யுபிஎஸ், இன்வெர்ட்டர், வைஃபை ரூட்டர். வெளியே, ஷிப்ட் முடிந்து வந்து நிறுத்திய பைக்கின் அல்லது காரின் இன்ஜின். எலி இவற்றைத் தேடி வருவதில் ஆச்சரியம் இல்லை.

எலிக்கு ஒயர் மேல் என்ன கோபம்?

கோபமும் இல்லை, பசியும் இல்லை. எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்து கொண்டே இருக்கும். ஆண்டுக்குச் சுமார் 10 செ.மீ. அளவுக்கு வளரும். எதையாவது கொறித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாமல் பட்டினி கிடந்தே செத்து விடும். அதனால் மரம், பிளாஸ்டிக், ரப்பர் என்று கிடைத்ததை எல்லாம் கொறிக்கிறது. செம்பையும் அலுமினியத்தையும் விட அதன் பல் கடினமானது. ஒயரின் மேலுறை அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

இது நம் ஊர் எலியின் குணம் மட்டும் அல்ல. 2013 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலையில் திடீரென்று மின்சாரம் நின்று, பயன்படுத்திய எரிபொருளைக் குளிர்விக்கும் தொட்டிகள் பல மணி நேரம் செயலிழந்தன. காரணம் தேடியபோது, ஒரு தற்காலிக மின் பலகைக்குள் செத்துக் கிடந்த எலி அகப்பட்டது. 2018 ஜூனில் அசாம் மாநிலம் தின்சுகியாவில் பழுதான ஏ.டி.எம். ஒன்றைத் திறந்து பார்த்தால், 12 லட்சம் ரூபாய்க்கும் மேற்பட்ட நோட்டுகளை எலி கொறித்துத் தூளாக்கி இருந்தது. ஒயர் போகிற ஓட்டை வழியாக உள்ளே போன எலி செய்த வேலை அது. அணு உலைக்கும் ஏ.டி.எம்.முக்கும் இந்த நிலை என்றால் நம் வீட்டு யுபிஎஸ் எம்மாத்திரம்?

ஒரு வீட்டில் பார்த்தது

சூளகிரி பக்கம் ஒரு கிராமத்தில், பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கி இருந்தார்கள். ஒரு நாள் அந்தப் பெண் போன் செய்தாள். "அண்ணா, கேபினட்டைத் தொட்டா சுர்ருன்னு இழுக்குது" என்றாள். "யாரும் தொடாதீங்கம்மா. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க" என்று சொல்லி விட்டுப் போனேன்.

இரும்பு மேசைக்குப் பின்னால் கிடந்த எக்ஸ்டென்ஷன் ஒயரை எலி கொறித்து, செம்புக் கம்பி வெளியே தெரிந்தது. அந்தக் கம்பி மேசைக் காலில் பட்டுக் கொண்டிருந்தது. மேசை மேல் கேபினட். அந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியோ எர்த் இல்லாத டூ பின் பெட்டி. எர்த் ஒழுங்காக இருந்திருந்தால் ஃபியூஸ் போயிருக்கும், ஆபத்து அப்போதே தெரிந்திருக்கும். இல்லாததால் மேசை முழுக்க கரண்ட். ஈரக் கையோடு யாராவது தொட்டிருந்தால்? அந்த மேசைக்கு அடியில் இரண்டு மூட்டை ராகி இருந்தது. "இருக்கறது ஒரே ரூம், தம்பி. மூட்டையை எங்க கொண்டு போய் வைக்கிறது?" என்றார் பெண்ணின் தாத்தா.

நியாயமான கேள்வி. மூட்டையை வெளியே வைக்கச் சொல்ல முடியாது. மூடி போட்ட தகர டிரம்மில் ராகியைக் கொட்டி, அதை எதிர்ச் சுவர்ப் பக்கம் தள்ளி வைத்தோம். எர்த்துடன் கூடிய த்ரீ பின் பெட்டி மாற்றினோம். எலி வந்த பொந்தைச் சிமெண்ட் வைத்து அடைத்தோம். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. மொத்தச் செலவில் பெரிய செலவு தகர டிரம்தான்.

நான் சொல்ல வருவது இதைத்தான். எலியைப் பிடிப்பது இரண்டாவது வேலை. வழியை அடைப்பதும் தீனியை மூடுவதும்தான் முதல் வேலை. ஒன்றைப் பிடித்தால் வயலில் இருந்து இன்னொன்று வரும். ஒரு பெண் எலி மூன்று வாரத்தில் குட்டி போடும். அந்தக் குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமே குட்டி போடும். இந்தக் கணக்கோடு பொறி வைத்து ஜெயிக்க முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. சுண்டெலிக்கு 6 மி.மீ. இடைவெளி போதும். அதாவது ஒரு பென்சில் நுழையும் ஓட்டையில் அது நுழைந்து விடும். ஒயர், கேபிள் டிவி, இன்டர்நெட் ஃபைபர் வரும் ஓட்டைகளைப் பாருங்கள். சுற்றிலும் சிமெண்ட் வைத்துப் பூசுங்கள். வெறும் துணி, தெர்மோகோல், எம்-சீல் வைத்தால் கொறித்து விடும்.

2. ஜன்னல், காற்றுப் போக்கிகளுக்கு நெருக்கமான இரும்பு வலை அடியுங்கள். கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் தகரப் பட்டை அடியுங்கள்.

3. கம்ப்யூட்டர் மேசையைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். எலி எப்போதும் சுவர் ஓரமாகவே ஓடும். ஒயர்களைத் தரையில் போடாமல் சேர்த்துக் கட்டி மேசை உயரத்துக்குத் தூக்கி விடுங்கள்.

4. கேபினட்டின் பின்பக்கம் பாருங்கள். கார்டு பொருத்தும் இடத்தில் தகரப் பட்டை விடுபட்டிருந்தால் அது சுண்டெலிக்கு ராஜபாட்டை. பழைய சிடி டிரைவைக் கழற்றிய இடமும் அப்படியே. மூடும் பட்டை கம்ப்யூட்டர் கடைகளில் கிடைக்கும்.

5. கம்ப்யூட்டர் முன்னால் முறுக்கும் மிக்சரும் வேண்டாம். கீபோர்டில் விழும் துணுக்கே எலிக்கு அழைப்பிதழ்.

6. சுவிட்ச் போர்டில் எர்த் வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள். மின் கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மெயினில் போட்டு விடுங்கள்.

பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைச் சுவர் ஓட்டைகளில் திணிப்பது நல்ல முறைதான். ஆனால் அதை சுவிட்ச் பெட்டியிலோ கேபினட்டிலோ வைத்து விடாதீர்கள். இரும்பு நார் மின்சாரத்தைக் கடத்தும்.

வாசலில் நிற்கும் வண்டி

டிவிஎஸ், அசோக் லேலண்ட் வண்டிகள் தயாராகும் ஊர் இது. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் இந்த மாவட்டத்தில் தயாராகிறது. வண்டி செய்கிற ஊரிலும் எலிக்கு வண்டிதான் வீடு.

பழைய கார்புரேட்டர் பைக்கில் ஒயர் குறைவு. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு பைக்கிலும் கம்ப்யூட்டர் போல ஒரு இ.சி.யூ., அதற்கு ஏகப்பட்ட சென்சார், ஒவ்வொன்றுக்கும் ஒயர். ஒரு சென்சார் ஒயர் போனாலும் வண்டி கிளம்பாமல் அடம் பிடிக்கலாம். காரில் இன்னும் அதிகம். ஏர் ஃபில்டர் பெட்டியில் பஞ்சும் வைக்கோலும் சேர்த்து எலி கூடு கட்டி விடும். அதை விட ஆபத்து, பெட்ரோல் குழாயைக் கொறிப்பது. சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் தீதான்.

நாள் கணக்கில் நிற்கும் வண்டியில்தான் எலி குடியேறும். இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள். மாட்டுத் தீவனம், குப்பை, விறகுக் குவியல் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். மிளகாயின் காரம் சேர்த்த டேப் ஒன்றை ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் விற்கிறது. கொறிக்க வரும் எலிக்கு அந்தக் காரம் பிடிக்காது என்பதே கணக்கு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் ஆரஞ்சு நிற ஒயர் கடிபட்டிருந்தால் நீங்கள் தொடவே வேண்டாம். அது அதிக வோல்டேஜ் ஒயர். சர்வீஸ் சென்டருக்குச் சொல்லுங்கள்.

எலி விரட்டும் சாப்ட்வேர் உண்டா?

இதை என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். மொபைலில் ஒரு ஆப், யூடியூபில் ஒரு வீடியோ போட்டால் மனிதக் காதுக்குக் கேட்காத ஒலி வந்து எலி ஓடிவிடுமாம். கொஞ்சம் கணக்குப் போடுவோம். சாதாரணமாக ஆடியோ பைல்கள் வினாடிக்கு 44,100 முறை பதிவாகின்றன. அதில் பாதி, அதாவது 22 கிலோ ஹெர்ட்ஸ் வரைதான் அதில் ஒலி இருக்க முடியும். மொபைல் ஸ்பீக்கர் அதையும் ஒழுங்காக எழுப்பாது. எலிக்கோ 80 கிலோ ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஆகவே மொபைல் எலியை விரட்டாது. பிளக்கில் செருகும் அல்ட்ராசானிக் கருவிகளையும் நம்பி இருக்காதீர்கள். இவற்றின் விளம்பரங்களுக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று 2001-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் 60-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

நம் பாட்டி காலத்துக் கூண்டுப் பொறியே மேல். சுட்ட தேங்காய், கருவாடு, மசால் வடை எதுவும் ஆகும். எலிக்குப் புதிய பொருள் மேல் சந்தேகம் உண்டு. முதல் இரண்டு நாள் கதவைக் கட்டி வைத்து விட்டுத் தீனி மட்டும் போடுங்கள். பழகிய பிறகு பொறியை ஏற்றுங்கள். விஷம் வேண்டாம். விஷம் தின்ற எலி கூரைக்குள்ளோ கேபினட்டுக்குள்ளோ போய்ச் செத்து நாறும். அதைத் தின்னும் பூனையும் ஆந்தையும் சாகலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் எலி பேஸ்ட் வைப்பது எமனை வீட்டில் வைப்பது போல.

புழுக்கை தெரிந்தால்

இந்த எல்லைப் பகுதிக்கு எலியோடு ஒரு பழைய கணக்கு உண்டு. 1898-ல் பெங்களூரில் பிளேக் பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1966-ல் கூட பக்கத்துக் கோலார் மாவட்டம் முல்பாகலில் பிளேக் பதிவானது. பூச்சிகள், விலங்குகள் வழியாக வரும் நோய்களைக் கவனிக்கும் தமிழக அரசின் நிறுவனம் ஒன்று ஓசூரில் இருக்கிறது. இன்று நாம் அதிகம் கவனிக்க வேண்டியது எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் வழியாகப் பரவும் நோய் அது.

ஆகவே கேபினட்டில் புழுக்கையோ மூத்திர வாடையோ தெரிந்தால்:

* சுவிட்சைப் போட்டுப் பார்க்காதீர்கள். மெயினை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள்.

* புளோயர் வைத்து ஊதாதீர்கள். தூசி மூக்கில் ஏறும். முகக்கவசம், கையுறை போட்டுக் கொள்ளுங்கள். தரையையும் மேசையையும் பிளீச்சிங் பவுடர் கலந்த நீரால் நனைத்து, பிறகு துடையுங்கள். மதர்போர்டில் அந்த நீரைப் பயன்படுத்தக் கூடாது. எலியின் சிறுநீரில் உள்ள உப்பு போர்டை அரித்து விடும் என்பதால் சீக்கிரம் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

* கடிபட்ட ஒயரை டேப் சுற்றி ஓட்டாதீர்கள். புதியது மாற்றுங்கள். ஃபைபர் கேபிள் என்றால் முறுக்கிச் சேர்க்க முடியாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை. கம்பெனி ஆள்தான் கருவி வைத்து ஒட்ட வேண்டும்.

* பயந்து புதுக் கம்ப்யூட்டர் வாங்காதீர்கள். ஹார்டு டிஸ்க் உலோக உறைக்குள் இருக்கிறது. எலி கடிப்பது பெரும்பாலும் அதற்குப் போகும் கேபிளைத்தான். கேபிளை மாற்றினால் படங்களும் பாடங்களும் அப்படியே கிடைக்கும். ஆனாலும் முக்கியமான பைல்களுக்கு வேறு இடத்தில் ஒரு நகல் வைத்திருங்கள்.

வாரண்டி அட்டையையும் ஒரு முறை எடுத்துப் படியுங்கள். எலி, பூச்சி செய்த சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். வண்டி இன்சூரன்ஸில் எலிக்கடி சேருமா என்று பாலிசி எடுக்கும்போதே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

எலி நுழையும் வீட்டுக்கு அதைத் தேடிப் பாம்பும் வரும் என்பது கிராமத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு டார்ச், ஒரு பென்சில், கொஞ்சம் சிமெண்ட் போதும். பென்சில் நுழையும் ஓட்டை ஒவ்வொன்றையும் அடைத்து விடுங்கள். அறுவடைக்கு முன் செய்து விட்டால் இன்னும் நல்லது.