தலையில் அறைந்துகொண்டால் என்ன கிடைக்கும்?

எண்ணூர் விரைவுச் சாலையோரம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். வெளியே துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கின்றன. உள்ளே, அறிவுசார் குறைபாடுள்ள, பேச்சு வராத பதினான்கு வயது மகனுக்கு அம்மா பல் துலக்கிவிடப் போகிறார். அவன் தன் தலையில் ஓங்கி அறைந்துகொள்கிறான். பதறிப்போய் பிரஷைக் கீழே வைக்கிறார். அறை நின்றுவிடுகிறது.

பல்லில் சொத்தை, காதில் சீழ் என்று வலி ஏதும் உண்டா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் ரசமான கதை தொடங்குகிறது. அறைந்தால் பிரஷ் போய்விடும் என்று மகன் கற்றுக்கொண்டான். பிரஷை வைத்தால் அறை நிற்கும் என்று அம்மாவும் கற்றுக்கொண்டார். இருவருக்கும் கைமேல் பலன். யார் யாரைப் பழக்கினார்கள்?

இனி இறங்கிவருவதில்லை என்று ஒன்பது நாள் உறுதியாக இருந்து, பத்தாம் நாள் அம்மா தளர்ந்தால் பழக்கம் இன்னும் இறுகும். காசிமேட்டு மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: பல நாள் வெறும் வலை, ஒரு நாள் வஞ்சிரம், அந்த ஒரு நாளை நம்பித்தான் படகு கிளம்புகிறது. உவமையை இன்னும் இழுத்தால், 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு அரசே நிவாரணம் தருகிறது. வெறும் தடையை யார் மதிப்பார்கள்? மகனுக்கும் அறைக்கு ஈடாக ஒன்று வேண்டும்: 'போதும்' என்று காட்ட ஒரு கைச்சைகை அல்லது பட அட்டை. ஆரம்பத்தில் அதைக் காட்டும்போதெல்லாம் பிரஷ் உடனே இறங்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நேரத்தைக் கூட்டலாம்.

வரலாறு வேண்டுவோருக்கு: 1982இல் அமெரிக்காவின் பிரையன் இவாட்டா குழு, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை வெவ்வேறு சூழல்களில் கவனித்தது. ஒருவருக்கு வேலையிலிருந்து தப்ப, இன்னொருவருக்கு ஆள் ஓடிவர என்று காரணங்கள் பிரிந்தன. மாற்றுச் சொல் கற்பித்தால் இத்தகைய நடத்தை குறையும் என்று 1985இல் கார், டுராண்ட் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

"மாத்திரை கொடுத்தால் அடங்கிவிடுவான்" என்பவர்களுக்கு 2008இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வு உண்டு. மனச்சிதைவு போன்ற நோய் இல்லாத, ஆனால் அடிதடியில் இறங்கும், அறிவுசார் குறைபாடுள்ள 86 பேருக்கு ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், வெற்று மாத்திரை மூன்றில் ஒன்று தரப்பட்டது. நான்கு வாரத்தில் மூன்று குழுக்களிலும் ஆவேசம் தணிந்தது. அதிகம் தணிந்தது வெற்று மாத்திரைக் குழுவில்! அதற்காக, சாப்பிட்டுவரும் மருந்தை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் ஒரு நோட்டு போதும். அறைக்கு முன் நடந்தது என்ன (ஹாரனா, பிரஷா?), பின் கிடைத்தது என்ன என்று தினமும் குறித்துவந்தால், சிறப்பு ஆசிரியருக்குப் பாதி வேலை முடிந்தது. கூடுதல் உதவி வேண்டுமென்றால், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் இருக்கிறது. எண்ணூர்க்காரர்கள் அங்கே போக, பிள்ளையோடு சென்னை முழுவதையும் வடக்கிலிருந்து தெற்காகக் கடக்க வேண்டும்.