தெருமுனையில் நின்றுவிடும் தீயணைப்பு வண்டி

எங்கே தீப்பிடித்தாலும் மறுநாள் கேட்கிற முதல் குறை, "ஃபயர் சர்வீஸ் லேட்டா வந்துச்சு" என்பதுதான். பல நேரங்களில் வண்டி தெருமுனைக்கு நேரத்தோடு வந்துவிடுகிறது. அங்கிருந்து எரிகிற வீட்டு வாசலுக்குப் போகத்தான் வழி இருப்பதில்லை. இரண்டு பக்கமும் கார்கள், சாலைக்குள் நீண்டு கிடக்கும் சிமென்ட் சரிவுகள், தலைக்கு மேல் தொங்கும் கேபிள் வயர். காரின் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து, அவர் சாவியைத் தேடி எடுத்து இறங்கி வருவதற்குள் அடுப்படியில் பற்றிய தீ கூடத்துக்கு வந்துவிடும். பிறகு திட்டு விழுவது ஓட்டுநருக்கு.

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் வண்டி வரிசை இப்போது நிறையவே மாறியிருக்கிறது. தண்ணீரும் ஏணியும் மட்டும் சுமந்த காலம் போய், எண்ணெய்த் தீக்கு நுரை வண்டி, நசுங்கிய காரை வெட்டித் திறக்கும் கருவிகளோடு மீட்பு வண்டி, 54 மீட்டர் உயரம் எட்டும் பின்லாந்து நாட்டு பிரான்டோ ஸ்கைலிஃப்ட் என்று வந்துவிட்டன. கொடியசைத்துத் தொடங்கிவைக்கிறார்கள், படம் வெளியாகிறது. அந்த வண்டி எந்தெந்தத் தெருவுக்குள் நுழையும் என்று அந்த மேடையில் யாரும் கேட்பதில்லை. சாதாரணத் தீயணைப்பு வண்டியே லாரி அடிச்சட்டத்தில் கட்டப்பட்டது. அகலம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். நாலரை மீட்டர் தெருவில் ஒரே பக்கம் கார் நின்றால்கூட, கண்ணாடியை மடக்கிக்கொண்டுதான் ஊர்ந்து போக முடியும். அப்படிப் போய்ச் சேர்ந்தாலும் வேலை நடக்காது. குழாய், இணைப்புகள், கருவிகள் எல்லாம் வண்டியின் பக்கவாட்டு ஷட்டருக்குள் இருக்கின்றன. ஆள் நிற்க இடமில்லாத இடுக்கில் ஷட்டரை ஏற்றி எதை இழுப்பது? இரண்டு பக்கமும் கார் நின்றால் இந்தக் கணக்கே தேவையில்லை. மிஞ்சுவது பைக் போகும் வழி.

ஸ்கைலிஃப்டுக்கு இன்னும் இடம் வேண்டும். நான்கு பக்கமும் கால்களை விரித்து ஊன்றினால்தான் அது கையை உயர்த்தும். இதற்காகத்தான் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, உயர்ந்த கட்டடங்களைச் சுற்றி 6 மீட்டர் திறந்தவெளி வேண்டும், அந்தத் தரை 45 டன் வண்டியைத் தாங்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் 18.30 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குச் சுற்றிலும் குறைந்தது 7 மீட்டர் விடச் சொல்கின்றன. வரைபடத்தில் விட்டிருப்பார்கள். பணிநிறைவுச் சான்று கைக்கு வந்த பிறகு அதே இடத்தில் ஜெனரேட்டர், காவலாளி அறை, புல்தரை, விருந்தினர் பார்க்கிங், ஒரு பிள்ளையார் கோயில். 2017 மே 31 அன்று சென்னை தி.நகர் உஸ்மான் சாலையில் பலமாடித் துணிக்கடையின் கீழ்த்தளத்தில் பற்றிய தீ, ஒரு நாள் கடந்தும் அடங்காமல், கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து, கடைசியில் மிச்சத்தையும் இடிக்க வேண்டியதாயிற்று. அங்கே வண்டிக்கும் ஆட்களுக்கும் பஞ்சமில்லை. கட்டடத்தை நான்கு பக்கமும் சூழ்ந்து நிற்க இடம்தான் இல்லை.

சின்ன வண்டிகளாக வாங்கினால் போதுமே என்பார்கள். வாங்கட்டும், சந்துகளில் முதல் உதவிக்கு அவை தேவைதான். ஆனால் பெரிய வண்டி சுமப்பது 4,500 லிட்டர். நிமிடத்துக்கு 450 லிட்டர் பீய்ச்சும் ஒற்றைக் குழாய்க்கே அது பத்து நிமிடத்துக்குத்தான் வரும். அதில் சிறு பங்கு மட்டுமே சுமக்கும் வண்டி, எரிகிற காரை அணைக்கும். பற்றி எரிகிற இரண்டாவது மாடியை அணைக்காது. பின்னால் பெரிய வண்டி வந்தே ஆக வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. மக்கள் பெரும்பாலும் கவுன்சிலரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். வாய்ச்சொல்லுக்குக் கோப்பு கிடையாது. முதலில் தெருவின் அகலத்தை டேப் வைத்து மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள். பகலில் ஒன்று, இரவு பதினொரு மணிக்கு ஒன்று என்று தேதியோடு படம் எடுங்கள். இவற்றை இணைத்து உங்கள் பகுதித் தீயணைப்பு நிலைய அலுவலருக்கு மனு கொடுத்து, வண்டியை ஒருமுறை தெருவுக்குள் ஓட்டிப் பார்த்து எழுத்தில் அறிக்கை தரும்படி கேளுங்கள். மாவட்ட அலுவலருக்கு ஒரு நகல் போகட்டும். நேரில் கொடுத்தால் ஒப்புகை முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகராதீர்கள். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு, "என் தெருவுக்குள் இந்த நிலையத்தின் வண்டி நுழையுமா என்று ஆய்வு செய்யப்பட்டதா, செய்திருந்தால் அறிக்கையின் நகல் தருக" என்று கேட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். சரிவு மேடைக்கும் ஆக்கிரமிப்புக்கும் மாநகராட்சி மண்டல அலுவலகம் (சென்னையில் 1913). தாழ்ந்த மின்கம்பிக்கு மின்வாரியப் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளர் அல்லது மின்னகம், 94987 94987. 'நோ பார்க்கிங்' பலகைக்குப் போக்குவரத்துக் காவல் ஆய்வாளர்.

மூன்று அலுவலகமும் ஒன்றையொன்று கைகாட்டும், அது எதிர்பார்த்ததுதான். அப்போது போக வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் அலுவலகம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133) பொதுவழியில் உள்ள சட்டவிரோதத் தடையை அகற்ற உத்தரவிடும் அதிகாரத்தை நிர்வாக நடுவருக்குத் தருகிறது. முன்பு கொடுத்த மனுக்களின் முத்திரையிட்ட நகல்கள்தான் அங்கே உங்கள் பலம். ஆகவே மறுபடியும் சொல்கிறேன், ஒப்புகை இல்லாத மனு குப்பைத்தாள்.

வீட்டில் இடமில்லை, காரை எங்கே நிறுத்துவது என்பது நியாயமான கேள்விபோலத் தோன்றும். காருக்கு இடம் தேடுவது காரை வாங்குகிறவர் கவலை. சாலையை அதற்காக எழுதிவைக்கவில்லை. தெருவே கூடிப் பேசி, ஒரு பக்கம் முழுக்கக் காலியாக விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும், தெருவுக்கு அந்த அகலம் இருந்தால். ஓடுகிற சாலையில் தீயணைப்பு வண்டிக்கு வழிவிடாதவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194E பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவு 2019இலேயே வந்துவிட்டது. காவல்துறை அதை நினைவில் வைத்திருந்தால் நல்லது.

அடுக்குமாடிச் சங்கங்களுக்குத் தனியாக ஒன்று. ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். நிலையங்கள் ஒத்திகை நடத்த முன்வரும் காலம். அதற்கு முன்பே கடிதம் கொடுத்து வண்டியோடு வரச் சொல்லுங்கள். கருவியால் தீயணைத்துக் காட்டுவதைப் பார்த்துக் கைதட்டுவதோடு விடாமல், வண்டியை வாசல் வளைவு வழியாக உள்ளே வரச்செய்து கட்டடத்தை ஒரு சுற்று வரச் சொல்லுங்கள். எங்கே நின்றுபோகிறதோ அந்த இடத்தைச் சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதி, அங்கே இருப்பது யாருடைய காராக இருந்தாலும் அந்த வாரமே எடுக்கச் சொல்லுங்கள். 101க்கோ 112க்கோ அழைக்க நேர்ந்தால், எந்தப் பக்கமாக வந்தால் வண்டி நுழையும் என்பதை அழைப்பவரே சொல்ல வேண்டும். ஓர் ஆளைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் காரை எடுங்கள். செல்போனில் படம் பிடிப்பவர்களை முதலில் எடுங்கள்.